பி20 பிளாக்குக்கு மேல பி16 ஹெட்: கிள்ளான் சிவிக் ஒன்னோட முழு கேஸ்

பின்னணி

காடி (கார்) ஒரு ஹோண்டா சிவிக், ஈஜி மாடல், நாலு கதவு, மலேசியாவுல கிள்ளான் பக்கம் ஓடுறது. ஓனர் ஷா ஆலாம்ல ஒரு ஃபேக்டரில டெக்னிஷியன், வயசு முப்பதுக்குள்ள. அவர் வாங்குறப்பவே ஒரிஜினல் இன்ஜின் இல்ல, ஜப்பான் ஹாஃப்கட்ல (பாதியா வெட்டி இறக்குமதி ஆகுற பழைய காடி) இருந்து எடுத்த பி16ஏ ஏத்தி, ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிஞ்சும் இருந்துச்சு. தெனம் வேலைக்குப் போறதும் அதுலதான், எப்பவாச்சும் செப்பாங் ரேஸ் டிராக்ல சொந்தக் காடி ஓட்டுற டிராக் டேக்குப் போறதும் அதுலதான். ரெண்டுக்கும் ஒரே காடிங்கறத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி எடுத்த முடிவெல்லாம் அத வச்சுதான்.

ஹெட்ங்கறது இன்ஜினோட மேல் பாதி, கேமும் வால்வும் இருக்குற இடம்; பிளாக்ங்கறது கீழ் பாதி, சிலிண்டரும் பிஸ்டனும் இருக்குற இடம். பி16ஏ பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். 1989ல இன்டெக்ராவுல ஹோண்டா போட்ட முதல் விடெக் (ஆர்பிஎம்முக்கு ஏத்த மாதிரி வால்வு திறக்குற அளவ மாத்துற முறை) இன்ஜின் அது. 1595 சிசி, டர்போ இல்லாமலே 160 பிஎஸ் (குதிரைத் திறன் அளவு), பின்னாடி ஈஜி6 சிவிக்ல வந்தது 170 பிஎஸ். போர் (சிலிண்டர் விட்டம்) 81 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 77.4 மில்லி. வால்வ திறக்குற தண்டுதான் கேம், அதுல ஒவ்வொரு ரெண்டு வால்வுக்கும் மூனு லோப் (துருத்தி நிக்குற மேடு) இருக்கும், கீழ் ஆர்பிஎம்ல ஓரத்து ரெண்டும் வேலை செய்யும், 5500 தாண்டினதும் ஆயில் பிரஷர் ஒரு பின்ன தள்ளி மூனு ராக்கரையும் (வால்வ அமுக்குற கை) ஒன்னா பூட்டிடும், அப்புறம் நடுவுல இருக்குற பெரிய லோப் சொல்றதுதான் சட்டம். அதனால பவர் முழுக்க மேலதான், 8000 வரைக்கும் போனாத்தான் காடி உயிரோட இருக்குற மாதிரி தெரியும். காலைல ஃபெடரல் ஹைவே ஜாம்ல அந்த பவர வச்சு ஒன்னும் பண்ண முடியாது.

முதல்ல என்ன கண்டோம்

2018 கடைசில ஓனர் எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது பவர் கேட்டு இல்ல. ஆயில் குறையுதுன்னு வந்தார். பின்னாடி வர்ற கூட்டாளி காடிக்காரங்க, விடெக் அடிக்குறப்போ நீலப் புகை வருதுன்னு சொல்லியிருக்காங்க. ஃபோர்மன் அண்ணன் கம்ப்ரெஷன் டெஸ்ட் போட்டார், மூனு சிலிண்டர் சுமாரா ஒரே மாதிரி, ஒன்னு மட்டும் நல்லா இறங்கிக் கிடந்துச்சு. அந்த ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி பார்த்தா முள்ளு சட்டுனு ஏறிச்சு. வால்வு லீக்கா இருந்தா ஆயில் ஊத்தி ஏறாது, அப்போ பிஸ்டன் ரிங்தான். ஹெட்ல குறை ஒன்னும் இல்ல, கேம் லோப் எல்லாம் சுத்தம், முன்னாடி ஓனர் எப்பவோ வால்வு சீல்கூட மாத்தியிருக்கார் போல.

ஆக மேல் பாதி நல்லா இருக்கு, கீழ் பாதி தேஞ்சு போச்சு. இந்த நிலைமையிலதான் இந்த ஹெட்ட வேற பிளாக்குக்கு மாத்துற பேச்சே வந்துச்சு. பொதுவா இந்த மாதிரி கலவை இன்ஜின் கட்டுறவங்க பவருக்காக ஆரம்பிப்பாங்க, இங்க ரிப்பேர்ல ஆரம்பிச்சது.

என்னென்ன வழி இருந்துச்சு, ஏன் பி20

ஓனர் முன்னாடி நாலு வழி. பி16 பிளாக்கையே போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இன்னொரு முழு பி16ஏ வாங்கலாம், ஆனா ஹாஃப்கட் கடைல அதோட விலை வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது, வாங்குற இன்ஜினும் இதே மாதிரி கிழவனா இருக்காதுன்னு யாரும் கேரண்டி தரமாட்டாங்க. மூனாவது பி18சி, அது விடெக் 1.8, நல்ல சாமான், விலைய கேட்டா தலை சுத்தும். நாலாவது ஹோண்டா சி.ஆர்.வி-ல வர்ற பி20பி பிளாக்.

பி20பி-ல விடெக் கிடையாது. 1995ல ஜப்பான்ல முதல் சி.ஆர்.வி வந்தப்போ 130 பிஎஸ், குடும்பக் காடி இன்ஜின். அதனால விலை கம்மி, கசங்காம ஓடின இன்ஜினும் கிடைக்கும். ஆனா அது 1973 சிசி, போர் 84, ஸ்ட்ரோக் 89. ஹெட் போல்ட் அமைப்பும் சிலிண்டர் இடைவெளியும் பி16 குடும்பம்தான், அதனால பி16 ஹெட் மேல உக்காரும். இதே வேலைய அமெரிக்காவுல இன்டெக்ரா எல்எஸ் இன்ஜினோட பி18பி பிளாக்ல பண்ணி எல்எஸ்-விடெக்னு பேர் வச்சாங்க, ரொம்ப வருஷமா நடக்குற வேலைதான்.

ஓனர் கேட்டது இதுதான்: "அண்ணே, கீழயும் இழுக்கணும், மேலயும் விடெக் வேணும், முழு இன்ஜின் காசும் இல்ல." ஃபோர்மன் ரெண்டு நாள் கழிச்சுதான் சரின்னார், அதுவும் ஒரு நிபந்தனையோட, "தம்பி, இது 8000 போற இன்ஜின் இல்ல, 7200தான். அதுக்கு சம்மதம்னா கட்டுறேன்."

இந்த 7200 எங்க இருந்து வந்துச்சுன்னு புரிஞ்சாத்தான் மிச்ச கதை புரியும். பிஸ்டன் மேலயும் கீழயும் போற சராசரி வேகம் ஸ்ட்ரோக்கையும் ஆர்பிஎம்மையும் பொறுத்தது. பி16ல 77.4 மில்லி ஸ்ட்ரோக், 8200 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 21.2 மீட்டர் வருது. 89 மில்லி ஸ்ட்ரோக்ல அதே வேகம் 7200 பக்கத்துலயே வந்துடும், கணக்கு போட்டா 21.4. அதாவது பி20-க்கு 7200ங்கறது பி16-க்கு 8200 மாதிரி. அதே பி20-ய 8200க்கு கொண்டு போனா 24.3 மீட்டர். ராட் (பிஸ்டன கிராங்க் தண்டோட இணைக்குற கம்பி), அதோட போல்ட் மேல விழுற இழுவை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், 7200ல இருந்து 8200ங்கறது கேக்க 14% மாதிரி இருக்கும், சுமை கிட்டத்தட்ட 30% கூடிடும்.

இன்னொன்னு ராட் நீளம். பி16ல 134 மில்லி ராட், ஸ்ட்ரோக்கால வகுத்தா 1.73. பி20ல 137 மில்லி ராட், வகுத்தா 1.54. இந்த எண் குறைய குறைய ராட் சாய்வு கூடும், பிஸ்டன் சிலிண்டர் சுவர பக்கவாட்டுல அதிகமா அமுக்கும். அந்த சுவர்தான் பி20-யோட பலவீனமான இடம். சிலிண்டர் நடுவுக்கும் நடுவுக்கும் 90 மில்லி, 81 போர்ல ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல 9 மில்லி மிச்சம் இருக்கும், 84 போர்ல 6தான். போதாக்குறைக்கு ஓப்பன் டெக், மேல சுத்தி தண்ணி ஓடுற பள்ளம், சுவருக்கு முட்டுக் கொடுக்க பெருசா ஒன்னும் இல்ல. ஆக சன்னமான சுவரு, அதிகமா அமுக்குற பிஸ்டன், ரெண்டும் ஒரே பிளாக்ல.

பிளாக் வந்ததும்

ஹாஃப்கட் கடைல இருந்து வந்த பி20பி-ய பிரிச்சு மெஷின் ஷாப்புக்கு அனுப்பினோம். அங்க இருக்குற சீனர் அங்கிள் ரொம்ப பேசமாட்டார், அளந்துட்டு "போர் பண்ணாத, ஹோன் மட்டும்"னு சொல்லிட்டார். சரியான முடிவு. இருக்குற சுவரே சன்னம், அதுல அரை மில்லி எடுக்குறது சொந்தக் காசுல சூனியம் வச்சுக்குற வேலை. தேய்மானம் லிமிட்டுக்குள்ள இருந்ததால ஹோன் பண்ணி (சுவர லேசா தேச்சு) புது ரிங், அதே பிஸ்டன்.

ராட் போல்ட் மட்டும் ஏஆர்பி-க்கு (கெட்டியான போல்ட் செய்யுற கம்பெனி) மாத்தினோம். இங்க நெறைய பேர் விடுற தப்பு ஒன்னு இருக்கு, போல்ட்ட மாத்திட்டு அப்படியே அசெம்பிள் பண்ணிடுவாங்க. புது போல்ட் கூடுதலா இறுக்கும், பெரிய முனையோட வட்டம் லேசா மாறும், அதனால மறுபடி ராட் பெரிய முனைய சைஸ் பண்ணணும். அங்கிள் கேக்காமலே பண்ணிக் கொடுத்தார். ஆயில் பம்ப் விடெக் இன்ஜினோடது போட்டோம், அது அதிகமா தள்ளும். பி18சி பிளாக்ல பிஸ்டனுக்கு கீழ இருந்து ஆயில் பீச்சுற ஜெட், மெயின் பேரிங் கேப்ப எல்லாம் சேர்த்துக் கட்டுற பாலம் ரெண்டும் இருக்கும். பி20ல ரெண்டும் இல்ல. அத சேர்க்கப் போனா செலவு வேற லெவலுக்குப் போயிடும், அந்த காசுக்கு பி18சி-யே வாங்கிடலாம்.

ஆயிலுக்கு வழி பண்ணினது

இந்த மொத்த வேலைல கை நடுங்குற இடம் இதுதான். விடெக் பூட்டுற பின்ன தள்ளுற ஆயில் விடெக் பிளாக்ல உள்ளயே மேல ஏறி வரும். பி20 பிளாக்ல அந்த வழியே கிடையாது. ஹெட்டோட அடி முகத்துல அந்த ஆயிலுக்காக ஒரு துளை இருக்கு, கீழ அதுக்கு ஜோடி இல்ல. அத அடைக்கணும், அடைக்கலன்னா விடெக் ஆயில் அது வழியா கேஸ்கெட்டுக்குள்ள கசியும், பிரஷரும் நிக்காது. அடைச்சுட்டு வெளியில இருந்து ஒரு பைப் கொடுக்கணும்: ஆயில் ஃபில்டருக்கு அடியில ஒரு சாண்ட்விச் பிளேட், அங்க இருந்து ஸ்டீல் பின்னின ஹோஸ், ஹெட்டோட பின்பக்கம் துளை போட்டு மரை வெட்டி அதுல மாட்டணும்.

மரை வெட்டுறப்போ ஃபோர்மன் பண்ணினத பக்கத்துல நின்னு பார்த்தேன். டேப்புல கிரீஸ் தடவி அரை சுத்து உள்ள, கால் சுத்து வெளிய, ஒவ்வொரு தடவையும் எடுத்து தொடைச்சு, கிரீஸ்ல ஒட்டியிருக்குற அலுமினிய தூள துணில வச்சு வெளிச்சத்துக்கு காட்டிப் பார்த்துட்டுதான் மறுபடி விடுவார். அந்தத் தூள்ல கொஞ்சம் உள்ள விழுந்தாலும் நேரா விடெக் சோலனாய்டுக்குப் (ஆயில திறந்து விடுற மின் வால்வு) போயிடும், அதுல சின்ன வலை ஃபில்டர் இருக்கு, அடைச்சுதுன்னா விடெக் ஒரு நாள் அடிக்கும் ஒரு நாள் அடிக்காது, காரணம் தேடி பைத்தியம் பிடிக்கும். முடிச்சதும் பெட்ரோல் ஊத்தி, காத்தடிச்சு, மறுபடி ஊத்தி, மறுபடி காத்து. அடிமுகத்துல போட்ட பிளக் முகத்துக்கு ஒரு முடி அளவு கீழதான் நிக்கணும், நீட்டிக்கிட்டு இருந்தா கேஸ்கெட் உக்காராது. அதுக்காக பிளக் போட்டு முடிச்ச பிறகுதான் ஹெட்ட பிளேன் பண்ண அனுப்பினோம், அதுக்கு முன்னாடி இல்ல.

மூடுறதுக்கு முன்னாடி

ஹெட்ட பிளாக் மேல நேரா உக்கார வைக்குற டவல் பின் அளவு ரெண்டு இன்ஜினுக்கும் ஒத்துப் போகாது, இந்த மாத்துற வேலைக்கான கிட்டோட வர்ற பின்னத்தான் போட்டோம். கேஸ்கெட் 84 போருக்கானது, பி16 கேஸ்கெட்ட போட்டா ஓரம் சிலிண்டருக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கும். பி20 பிளாக் பி16-அ விட சுமார் 8 மில்லி உயரம், அதனால பி16 டைமிங் பெல்ட் எட்டாது, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூனும் பி18சி-யோடது வாங்கினோம். அதே 8 மில்லியால எக்ஸாஸ்ட் ஹெட்டரும் மேல ஏறிடுச்சு, டவுன்பைப்ப வெட்டி ஒட்ட வேண்டியதாப் போச்சு. சின்ன விஷயம்தான், ஆனா யாரும் முன்னாடி சொல்லமாட்டாங்க.

ஹெட்டோட எரி அறை 81 போருக்கு செஞ்சது, கீழ 84. சுத்தி 1.5 மில்லி விளிம்பு பிஸ்டனுக்கு மேல தட்டையா நிக்கும். அறை அதேதான், கீழ சிலிண்டர் கொள்ளளவு 399 சிசில இருந்து 493 ஆயிடுச்சு, கம்ப்ரெஷன் எங்க போய் நிக்கும்னு தெரியாம மூடக்கூடாது. சிரிஞ்சு வச்சு அறையையும் பிஸ்டன் குழியையும் அளந்து கணக்கு போட்டதுல 10:1-ஐ ஒட்டி வந்துச்சு, ரோன் 97 பெட்ரோலுக்கு பயமில்ல. கடைசியா பிஸ்டன் மேல பிளாஸ்டிசின் ஒட்டி, ஹெட்ட தற்காலிகமா இறுக்கி, கையால ரெண்டு சுத்து சுத்தி, திறந்து வால்வு பதிஞ்ச இடத்த பிளேடால வெட்டி தடிமன் பார்த்தோம். இடம் இருந்துச்சு. ஸ்டாக் கேம்தான, பெரிய கேம் போட்டிருந்தா இந்தப் பேச்சு வேற.

டியூனிங்

அந்தக் கால ஹோண்டா ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) காத்த நேரா அளக்காது, மேனிஃபோல்டு பிரஷரையும் ஆர்பிஎம்மையும் பார்த்து இவ்வளவு காத்து போயிருக்கும்னு டேபிள்ல இருந்து எடுக்கும். பி16 டேபிள்ல அதே பிரஷருக்கு 1.6 லிட்டருக்கான பெட்ரோல்தான் எழுதியிருக்கும், கீழ இருக்குறதோ 2 லிட்டர், காத்து கிட்டத்தட்ட 24% அதிகமா போகும். மெதுவா ஓட்டுறப்போ ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து சரி பண்ணிக்கும், முழுசா மிதிச்சா அது வேலை செய்யாது, லீன் ஆகி (பெட்ரோல் பத்தாம) பிஸ்டன் உருகும். அதனால பழைய ஈசியுவோட ஸ்டார்ட் பண்ணி லீக் மட்டும் பார்த்துட்டு, ஓட்டாம லோரில ஏத்திதான் டைனோவுக்கு (பவர் அளக்குற மெஷின்) அனுப்பினோம். ஓனருக்கு கோவம், ஒரே ஒரு ரவுண்டு அண்ணேன்னு கெஞ்சினார். ஃபோர்மன் சாவியக் கொடுக்கல.

டியூனர் சிப் போட்ட பி28 ஈசியு வச்சு மேப் (ஈசியு பார்க்குற டேபிள்) எழுதினார். முதல்ல சின்ன லோப்லயே கடைசி வரைக்கும் ஒரு ஓட்டம், அப்புறம் பெரிய லோப்ல ஒரு ஓட்டம், ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல விடெக். பி16ல 5500ல இருந்த விடெக் இங்க 4600 பக்கம் வந்துடுச்சு, பெரிய சிலிண்டருக்கு சின்ன லோப் சீக்கிரமே மூச்சு முட்டிடுது. வீல்ல 150 குதிரைத் திறனுக்கு கொஞ்சம் மேல. அந்த எண்ண விட கோட்டோட வடிவம்தான் முக்கியம், 3000ல இருந்தே மொந்தையா டார்க், பவர் உச்சி 6900 பக்கம், அதுக்கு மேல கோடு கீழ இறங்குது. ஏன்னா ஹெட்டோட வாய் அதேதான், வயிறு பெருசாயிடுச்சு, உச்சி முன்னாடியே வந்துடும். அப்போ 7200 லிமிட்டுங்கறது பிளாக்க காப்பாத்த மட்டும் இல்ல, அதுக்கு மேல போய் சம்பாதிக்கவும் ஒன்னும் இல்ல. டியூனரும் லிமிட்டர (ஆர்பிஎம் எல்லை தொட்டா பெட்ரோல வெட்டுறது) 7200ல வச்சுட்டார்.

பேப்பர்

இன்ஜின் நம்பர் அடிச்சிருக்கிறது பிளாக்ல. வெறும் ஹெட் மாத்தினா நம்பர் மாறாது, இங்க பிளாக்கே மாறினதால புஷ்பகோம்ல (வண்டிப் பரிசோதனை நிலையம்) காட்டி ஜேபிஜேல புது நம்பர் பதியணும், பிளாக் வாங்கின கடைல பேப்பர் கேட்டு வாங்கியே ஆகணும். ஓனர் முறையா பண்ணிட்டார். இத விட்டவங்க காடி விக்கிறப்போ படுற பாட்டப் பார்த்திருக்கோம்.

ஓடின காலம்

2019ல பாதி வருஷத்துக்கும் மேல ஒரு பிரச்சினை இல்ல. ஆயில் குடிக்கல. ஜாம்ல மூனாவது கியர்ல உருட்டிக்கிட்டே போகலாம், கெந்திங் ஏத்தத்துல முன்னாடி ரெண்டாவதுக்கு இறக்கின இடத்துல மூனாவதுலயே ஏறுது. வெளி ஹோஸ்ல ஒரு தடவை லேசா ஆயில் வேர்த்துச்சு, முனைய மறுபடி இறுக்கினதும் நின்னுச்சு.

குறைன்னு ஓனர் சொன்னது ஒன்னுதான், டிராக்ல கியர் பத்தல. கியர்பாக்ஸ் பி16ஏ-யோடது, ஃபைனல் கியர் விகிதம் 4.4, மூனாவது 1.458, நெருக்கமான கியர். அது 8000க்கு மேல போற இன்ஜினுக்கு செஞ்சது. லிமிட்டர் 8200ல இருந்து 7200க்கு வந்ததும் ஒவ்வொரு கியர்லயும் வேகம் 12% குறைஞ்சிடுச்சு. செப்பாங்ல சில இடத்துல பிரேக் புள்ளிக்கு ஒரு மூச்சு முன்னாடியே லிமிட்டர் அடிக்கும், அங்க நாலாவது போட்டு உடனே மறுபடி மூனாவதுக்கு இறக்கணும். நியாயமான புகார். ஒர்க்‌ஷாப்ல இத சொன்னப்போ பார்க்கலாம்னு பேசிட்டு விட்டுட்டாங்க, தீர்வு ஒன்னும் யாரும் சொல்லல.

செப்பாங்குக்கு அப்புறம்

2019 கடைசில ஒரு டிராக் டேக்கு முன்னாடி ஓனரோட கூட்டாளி ஒருத்தர் லேப்டாப்ல மேப்ப திறந்து லிமிட்டர 8200 ஆக்கிக் கொடுத்திருக்கார். பி16 ஹெட்தான, 8200 அதுக்கு சாதாரணம்னு ரெண்டு பேரும் நெனச்சிருக்காங்க. ஹெட்டுக்கு சாதாரணம்தான். அன்னிக்கு காடி நல்லா ஓடியிருக்கு, நேரமும் குறைஞ்சிருக்கு, ஓனர் சந்தோஷமா வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வாரம் தண்ணி குறைய ஆரம்பிச்சது. ரேடியேட்டர்ல லீக் இல்ல, தரையில சொட்டு இல்ல. காலைல ஸ்டார்ட் பண்ணினா வெள்ளப் புகை, இனிப்பு வாசம், கொஞ்ச நேரம் தடுமாறிட்டு அப்புறம் நாலு சிலிண்டரும் எடுக்கும். ரிசர்வ் டாங்க்ல ரேஸ் கொடுக்க கொடுக்க குமிழி. ஓனர் வந்ததுமே லிமிட்டர் மாத்தினத மறைக்காம சொல்லிட்டார், அதனால தேடுற வேலை பாதியாச்சு. ஃபோர்மன் கத்தல, "சரி, இறக்கு"ன்னார் அவ்வளவுதான்.

பிரிச்சப்போ

முதல் சந்தேகம் கேஸ்கெட். எடுத்துப் பார்த்தா சுத்தமா இருந்துச்சு, ஹெட்டும் நேரா. ரெண்டாவது சிலிண்டர் பிஸ்டன் மட்டும் மேல கரி இல்லாம கழுவி விட்ட மாதிரி மின்னுச்சு, தண்ணி போன சிலிண்டர் அதுதான்னு தெரிஞ்சது. சுவர்ல கண்ணுக்கு ஒன்னும் தெரியல. கலர் ஸ்ப்ரே அடிச்சு தொடைச்சு வெள்ளப் பவுடர் அடிச்சதும் ஒரு சிவப்புக் கோடு மெதுவா ஊறி வந்துச்சு, மேல் விளிம்புல இருந்து கீழ விரல் நீளத்துக்கு. பிஸ்டன் அமுக்குற பக்கம்.

உடனே லிமிட்டர் மேல பழி போடாம மத்த காரணத்தையும் பார்த்தோம். டெட்டனேஷனா (பெட்ரோல் தன்னால வெடிக்குறது) இருந்தா ஸ்பார்க் பிளக் பீங்கான்ல மிளகுத்தூள் மாதிரி கருப்புப் புள்ளியும் அலுமினிய மணியும் இருக்கும், பிஸ்டன் ஓரம் கொறிச்சிருக்கும், ரெண்டும் இல்ல. ஹெட் வளையாததால பெருசா ஓவர்ஹீட் ஆகியிருக்க வாய்ப்பு கம்மி. ராட் போல்ட் நீளம் அளந்தோம், போட்டப்போ இருந்த அளவுதான், பேரிங்கும் நல்லா இருந்துச்சு. ஈசியு லாக்ல 8200 பல தடவை, அதோட ஒரு இடத்துல கியர் இறக்குறப்போ அதையும் தாண்டிப் போயிருக்கு. லிமிட்டர் பெட்ரோலத்தான் வெட்டும், கியர் இறக்கி சக்கரம் இன்ஜின சுத்த வச்சா அதால ஒன்னும் பண்ண முடியாது.

ஒரே நாள்ல விரிசல் விட்டதுன்னு சத்தியம் பண்ண முடியாது, பிளாக் பழசு, ஜப்பான்ல எப்படி ஓடிச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா சன்னமான சுவரு, 1.54 ராட் கணக்கு, அமுக்குற பக்கத்துலயே விரிசல், அதுக்கு முந்தின வாரம் 8200. எனக்கு இதுக்கு மேல ஆதாரம் தேவையில்ல.

அடுத்த முடிவு

மூனு வழி பேசினோம். இதே பிளாக்ல கெட்டியான இரும்பு ஸ்லீவ் (சிலிண்டர் உறை) போடலாம், இங்க அத நம்பிக் கொடுக்குற இடம் கம்மி, செலவும் மொத முழு வேலைய தாண்டும். பி18சி பிளாக் வாங்கலாம், அப்போ 8000 போகலாம், காசு இல்ல. இல்லன்னா இன்னொரு பி20பி வாங்கி, ஹெட்டு, ஹோஸு, பம்பு, போல்ட்டு எல்லாம் அதே சாமான வச்சு கட்டி, 7200லயே நிக்கலாம். ஓனர் மூனாவதத்தான் எடுத்தார், காரணமும் சொன்னார், வாரத்துல அஞ்சு நாள் வேலைக்குப் போற காடிக்கு அந்த டார்க்க விட மனசில்லையாம்.

இந்த தடவை அங்கிள் அளந்ததோட நிக்கல, அல்ட்ராசோனிக் மீட்டர் வச்சு ஒவ்வொரு சிலிண்டர் சுவர் தடிமனையும் பல இடத்துல பார்த்தார், வந்த ரெண்டு பிளாக்ல ஒன்னத் திருப்பி அனுப்பிட்டோம். கியர் புகாருக்கு பி18பி-யோட நீளமான கியர்பாக்ஸ் தேடிப் பிடிச்சோம், அதுல மூனாவது 1.269, ஃபைனல் 4.266, அதே 7200ல மூனாவது கியர் வேகம் 18% மாதிரி கூடும், அதாவது பழைய பாக்ஸ்ல 8200 போனா கிடைக்கிறத விடவே அதிகம். வேலை பாதில 2020 மார்ச் 18ல எம்சிஓ (கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு) வந்து ஒர்க்‌ஷாப் மூடிட்டாங்க, இன்ஜின் பிளாஸ்டிக் சுத்தி மூலைல கிடந்துச்சு. திறந்த பிறகு மறுபடி சிலிண்டர்ல ஆயில் தடவி கையால சுத்திப் பார்த்துட்டுதான் மூடினோம்.

அப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஓடுது, செப்பாங்குக்கும் போயிட்டு வருது. அடுத்த பிளாக் நம்பருக்காக புஷ்பகோம் வரிசையில ஓனர் மறுபடி நின்னார், அங்க இருந்த ஆள் போன வருஷமும் நீதான வந்தன்னு கேட்டாராம்.

அடுத்த காடிக்கு எத மாத்துறோம்

முதல் மாற்றம் கியர்பாக்ஸ். ரெட்லைன் (இன்ஜின் போகலாம்ங்கற உச்ச ஆர்பிஎம்) குறையப் போகுதுன்னு முதல் நாளே தெரியும், அப்போவே கியரும் மாறணும்னு கணக்குல எழுதியிருந்தா ஓனருக்கு லேப்டாப் தேவைப்பட்டிருக்காது. இப்போ இந்தக் கலவை கேட்டு வர்றவங்களுக்கு ஹெட், பிளாக், கியர்பாக்ஸ் மூனையும் சேர்த்து ஒரே விலையா சொல்றோம், அதக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிப் போயிடறாங்க, போகட்டும்.

ரெண்டாவது, சுவர் தடிமன் பார்க்காம எந்த பி20 பிளாக்குக்கும் ரிங்கூட வாங்கறதில்ல. மூனாவது, லிமிட்டர் ஏன் அந்த எண்ணுன்னு டைனோ பேப்பரையும் பிஸ்டன் வேகக் கணக்கையும் ஓனர் கைல கொடுத்துடறது. மேப்புக்கு பாஸ்வேர்டு போடலாம்னு டியூனர் சொன்னார், ஃபோர்மனுக்கு அதுல இஷ்டமில்ல, காடி அவங்களோடது, மேப்பும் அவங்களோடதுங்கறார். எனக்கு அதுல இன்னும் உடன்பாடு இல்ல, நான் போட்டிருப்பேன்.

கியர் இறக்குறப்போ ஆர்பிஎம் எகிறுறத தடுக்க ஈசியுவால முடியாதுங்கறதால, ஆர்பிஎம் 6800 தொட்டதும் எரியுற ஒரு லைட்டையும், வேகத்துக்கு எந்த கியர் வரை இறக்கலாம்னு ஒரு சின்ன ஸ்டிக்கரையும் இந்தக் காடில டேஷ்போர்டுல ஒட்டியிருக்கோம். 8000 வேணும்னு கேக்குறவங்கள பி18சி பக்கம் அனுப்பிடறோம், இல்லன்னா பி16-யவே புது ரிங் போட்டு கட்டச் சொல்றோம்.